தேனீ என்று நினைத்த ஈ

மாடித் தோட்டத்துக் கொத்தமல்லியைச் சென்ற மார்கழியில் பறிக்காமல் விட்டுவிட்டேன். தை பிறக்கும்போது அது தண்டு நீட்டி, குடை குடையாக வெள்ளைப் பூ வைத்திருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு பூவைத் தொடப் போனாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அத்தை, தேனீ! கொட்டிரும்!"

குனிந்து பார்த்தேன். பழுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட வயிறு, தேனீயின் பருமன், தேனீயின் ரீங்காரம். ஆனால் கண்கள் தலை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கண்களில் வரிவரியாகக் கோடுகள். முகத்தில் உணர்கொம்பு இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அது தேனீ இல்லை, ஈ. கொட்டுவதற்கு அதனிடம் கொடுக்கே கிடையாது. விரலை அருகே கொண்டுபோனதும் எழும்பி, காற்றில் ஆணி அடித்ததுபோல் ஒரே இடத்தில் நின்றது. பிறகு அடுத்த பூவில் இறங்கியது.

"ஈயா? ஈக்குப் பூவுல என்ன வேலை?"

சரியான கேள்வி. தேனீயைப் போலத் தோன்றும் இந்த ஈக்கள் தோட்டத்துப் பூக்களுக்கு உண்மையிலேயே மகரந்தச் சேர்க்கை செய்கின்றனவா, இல்லை தேனீயின் பந்தியில் வேடம் போட்டு உட்கார்ந்து உண்டுவிட்டுப் போகின்றனவா? அவளுக்கு அன்று அரைகுறையாகத்தான் சொன்னேன். முழுப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் ஆள் அடையாளம். சிர்பிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. நம் வேளாண் அலுவலர்கள் சிர்பிட் ஈ என்பார்கள். மலர் ஈ என்றும் சொல்வதுண்டு. உலகில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள். சில மெலிந்து குளவிபோல் இருக்கும், சில பருத்துத் தேனீபோல் இருக்கும், குளிர்நாடுகளில் சில உடம்பெல்லாம் மயிரடர்ந்து பெருந்தேனீயாகவே தோன்றும். தேனீக்கு நான்கு இறகு, ஈக்கு இரண்டு என்று பாடப்புத்தகம் சொல்லும். அது உண்மைதான், ஆனால் தோட்டத்தில் நின்று பார்ப்பவருக்கு உதவாது. தேனீ தன் முன்னிறகையும் பின்னிறகையும் சிறு கொக்கிகளால் மாட்டி ஒன்றாக வைத்திருக்கும், எண்ண முடியாது. முகத்தைப் பாருங்கள். தேனீயின் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கி நீண்டிருக்கும்; ஈயின் உணர்கொம்பு இரண்டு சிறு புள்ளிபோலக் குறுகியிருக்கும். தேனீயின் கண் தலையின் பக்கவாட்டில், ஈயின் கண் தலை முழுக்க. பின்னங்காலில் மஞ்சள் உருண்டை ஒட்டியிருந்தால் அது தேனீ. இந்த ஈக்களுக்கு அப்படிப் பொட்டலம் கட்டும் வழக்கம் இல்லை. அசையாமல் அந்தரத்தில் நின்றால் பெரும்பாலும் ஈ. அதன் பின்னிறகுகள் குறுகிக் குண்டூசித் தலைபோல ஆகிவிட்டன. அவையே பறக்கும்போது உடம்பு சாயாமல் நிலைநிறுத்துகின்றன.

நம் மொழி ஒரு வகையில் இந்தச் சிறுமியின் பக்கம்தான். தேன் ஈ என்பதுதானே தேனீ. அதையும் ஈ இனத்தில் வைத்துத்தான் தமிழ் பேர் சூட்டியது. வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பூவை நாடி வருகிறவற்றுக்கு எத்தனை பழஞ்சொற்கள் நம்மிடம்! அவற்றில் எது எந்தப் பூச்சி என்று இன்றைய விலங்கியல் கட்டம் போட்டுப் பிரிக்க முயன்றால் திணறும். ஆனால் பூவில் இருப்பது ஈ என்று ஒத்துக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. ஈ என்றால் குப்பையும் புண்ணும்தான் நினைவுக்கு வருகின்றன.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஓராயிரம் ஆண்டுக்கும் மேலாக ஒரு நம்பிக்கை இருந்தது: மாட்டைக் கொன்று அடைத்து வைத்தால், அழுகும் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமக் கவிஞர் வர்ஜில், உழவைப் பற்றி எழுதிய ஜார்ஜிக்ஸ் நூலின் நான்காம் பகுதியில் இதை ஒரு முறையாகவே விவரிக்கிறார். விவிலியத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தில், சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக்கூட்டமும் தேனும் இருந்ததாக ஒரு கதை வருகிறது. 1890களில் ஆஸ்டன் சாக்கன் என்ற ரஷ்யப் பூச்சியியலாளர், அவர் தூதரக அதிகாரியாகவும் இருந்தவர், இந்தப் பழங்கதைக்கு விளக்கம் எழுதினார். பிணத்தின் கசிவில் வளர்ந்து வெளிவந்தவை தேனீக்கள் அல்ல, எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற ஈக்கள் என்றார். ஆண் தேனீயை அச்செடுத்தாற்போன்ற ஈ அது. அதன் புழு அழுகல் நீரில் வாழும். வால்போல் நீளும் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கும். மாட்டின் உடலிலிருந்து இவை கூட்டமாக எழுந்ததைக் கண்டவர்கள் தேனீ பிறந்துவிட்டது என்று நினைத்ததில் வியப்பில்லை. அந்த ஈக்களிடம் தேன் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

ஏன் இந்த வேடம்? விடையின் நூலை முதலில் பிடித்தவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். அவர் 1848இல் அமேசான் காட்டுக்குப் போய்ப் பதினோரு ஆண்டுகள் பூச்சி சேகரித்தவர். பறவைக்குச் சுவைக்காத பட்டாம்பூச்சிகளின் கூட்டத்தில், அதே நிறமும் கோலமும் பூண்ட, ஆனால் தின்னத் தகுந்த வேறு குடும்பத்துப் பட்டாம்பூச்சிகள் கலந்து பறப்பதைக் கண்டார். 1862இல் வெளிவந்த அவர் கட்டுரை டார்வினைப் பெரிதும் மகிழ்வித்தது. ஒருமுறை குளவியிடம் கொட்டு வாங்கிய பறவை, அதன்பின் மஞ்சள் கறுப்புப் பட்டையைக் கண்டாலே விலகும். கொடுக்கு இல்லாத ஈ அந்தப் பட்டையைப் பூண்டுகொண்டால் அதுவும் தப்பும். சரியாகப் பூணாதவை இரையாகும், நன்றாகப் பூண்டவை முட்டையிடும். தலைமுறை தலைமுறையாக இப்படி வடிகட்டியதில் வேடம் கச்சிதமாகிறது. நிறத்தோடு நிற்கவில்லை. உணர்கொம்பு குட்டையாக இருக்கும் குறையை மறைக்க, சில இனங்கள் முன்னங்கால் இரண்டையும் முகத்துக்கு முன்னே நீட்டிக் கொம்புபோல் ஆட்டும். பிடித்தால் இரைந்து, கொட்டுவதுபோல் வயிற்றை வளைக்கும் இனங்களும் உண்டு.

ஆனால் எல்லா வேடமும் கச்சிதமில்லை. நம் கண்ணுக்கே பொய் என்று தெரியும் அரைகுறை வேடங்கள் ஏராளம். அவை எப்படிப் பிழைத்தன? பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் புறாக்களைப் பழக்கி, குளவிப் படத்துக்கும் ஈப் படத்துக்கும் வேறுபாடு காட்டும்படி செய்தார்கள். பிறகு பலவகை மலர் ஈக்களின் படங்களைக் காட்டினார்கள். நம் பார்வைக்குக் குளவிபோலவே தோன்றாத சில ஈக்களைப் புறாக்கள் குளவிக்கு மிக அருகில் வைத்தன. வேடம் நமக்காகப் போட்டதில்லை. பறவையின் கண்ணே அதற்கு நடுவர்.

இனி மகரந்தத்துக்கு வருவோம். இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். பூவுக்கு வருகிற எல்லாமே மகரந்தச் சேர்க்கை செய்வதில்லை. ஒரு பூவின் மகரந்தம் உடம்பில் ஒட்ட வேண்டும். உதிராமல், உயிர்ப்போடு இருக்க வேண்டும். பூச்சி அதே இனத்தின் இன்னொரு பூவுக்குப் போக வேண்டும். அங்கே சூல்முடியின் மேல் படும்படி உட்கார வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது விருந்துண்டு போனதாகவே முடியும். எறும்பு பல பூக்களில் அப்படித்தான். அதனால் 'பூவில் ஈ உட்கார்ந்ததைப் பார்த்தேன்' என்பது சான்றாகாது. ஈ வந்த பூ காய்த்ததா, வராத பூ காய்க்கவில்லையா என்று பார்க்க வேண்டும்.

அதைச் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப் என்னும் எண்ணெய்ப் பயிரை வலைக்கூண்டுக்குள் வளர்த்து, எபிசிர்பஸ் பால்டியாட்டஸ் என்ற ஆரஞ்சுப் பட்டை ஈயை உள்ளே விட்டார்கள். ஈ இல்லாத கூண்டைவிட ஈ இருந்த கூண்டில் விதை கூடுதலாகப் பிடித்தது. அடுத்த சோதனையில் தனித்து வாழும் ஒரு காட்டுத் தேனீயோடு இதை ஒப்பிட்டார்கள். அந்தத் தேனீ தரும் விளைச்சலை எட்ட, ஏறத்தாழ ஐந்து மடங்கு ஈக்கள் தேவைப்பட்டன. இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரிச் செடிகளில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவாக இருந்தது: மலர் ஈக்கள் வந்துபோன செடிகளில் பழ மகசூல் 70 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது, விற்பனைக்குத் தகுந்த பழங்களின் பங்கு இரட்டிப்பானது. ஸ்ட்ராபெரியின் மேல்புறத்தில் தெரியும் ஒவ்வொரு சிறு விதையும் தனித்தனியே கருவுற்றால்தான் பழம் திரண்டு வரும். விடுபட்ட இடத்தில் சப்பையாகிக் கோணிப்போகும். ஆகவே ஈக்கள் பூ முழுக்கத் திரிந்து வேலை செய்திருக்கின்றன என்பது பழத்தின் வடிவத்திலேயே தெரிகிறது.

ஐந்து ஈ ஒரு தேனீக்கு ஈடு என்றால் ஈ சோம்பேறி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேனீக்கு வீட்டில் குழந்தைகள் உண்டு. அவற்றுக்கு ஊட்ட அது மகரந்தம் திரட்டியே ஆக வேண்டும். எனவே பூ பூவாக விரைகிறது. மலர் ஈ தன் ஒருத்தி வயிற்றுக்கு மட்டும் உண்கிறது. பறக்கும் வலுவுக்குப் பூந்தேன்; பெண் ஈக்கு முட்டை முதிரப் புரதம் வேண்டும், அதற்கு மகரந்தம். பூந்தாதை நேரடியாகத் தின்று செரிக்கும் திறம் அதற்கு உண்டு. எரிஸ்டாலிஸ் ஈயைக் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்தவுடன், ஒரு பூவைக்கூடப் பார்த்தறியாத நிலையில், மஞ்சள் நிறப் புள்ளி ஒன்றின் முன் வைத்தால் வாய்க்குழலை நீட்டுகிறது. மகரந்தத்தின் மஞ்சள் அதன் பிறவி நினைவில் பதிந்திருக்கிறது.

வீடு இல்லாததில் பூவுக்கு இரண்டு ஆதாயங்கள் உண்டு. ஒன்று, தேனீ தன் உடம்பில் ஒட்டிய தாதைச் சீவி, தேனால் நனைத்துப் பிசைந்து, காலில் உருண்டையாகக் கட்டிவிடுகிறது. அந்த உருண்டைக்குள் போன தாது இன்னொரு பூவுக்குப் பெரும்பாலும் பயன்படாது. ஈயின் மயிரில் ஒட்டியது காய்ந்த பொடியாகவே இருக்கும். அது கால்களால் துடைத்துத் தின்றது போக மிச்சம் அடுத்த பூவுக்கு. மற்றொன்று, தேனீ எவ்வளவு தூரம் போனாலும் கூட்டுக்குத் திரும்பியாக வேண்டும். ஈக்குத் திரும்ப இடம் இல்லை. இன்று இந்தத் தோட்டம், நாளை அடுத்த ஊர். தாது நெடுந்தொலைவு போக வாய்ப்பு அதற்குத்தான் அதிகம். ஒரே இனப் பூவைத் தொடர்ந்து நாடும் பழக்கம் சில மலர் ஈக்களிடமும் இருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்; தேனீயின் அளவுக்கு உறுதியான பழக்கம் இல்லாவிட்டாலும், மனம்போன போக்கில் தாவுகிறவையும் அல்ல.

எவ்வளவு தொலைவு என்பதற்கு ஓர் அளவு உண்டு. தெற்கு இங்கிலாந்தின் வானத்தை 2000 முதல் 2009 வரை ரேடாரால் கண்காணித்த பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு குழு முடிவை வெளியிட்டது. ஆண்டுக்கு 400 கோடி வரை மலர் ஈக்கள் கடல் தாண்டி அங்கே வந்தும் போயும் இருக்கின்றன. அவற்றின் மொத்த எடை 80 டன். அவை சுமந்து செல்லும் மகரந்தத் துகள்கள் 300 கோடி முதல் 800 கோடி. சுண்டுவிரல் நகத்தளவு உடம்புள்ள பூச்சி ஐரோப்பாவின் பூக்களைக் கடலுக்கு அப்பால் உள்ள பூக்களோடு இணைக்கிறது.

உலகளாவிய கணக்கையும் பார்த்துவிடலாம். ஐந்து கண்டங்களில், 17 பயிர்களில் நடந்த 39 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. பயிர்ப் பூக்களுக்கு வந்த வருகைகளில் 25 முதல் 50 விழுக்காடு வரை தேனீ அல்லாத பூச்சிகளுடையவை: ஈ, வண்டு, குளவி, எறும்பு, அந்து, பட்டாம்பூச்சி. ஒரு வருகைக்கு இவ்வளவு என்று அளந்தால் தேனீதான் திறமைசாலி. ஆனால் இவை கூடுதல் முறை வந்ததால் அந்தக் குறை ஈடாகிவிட்டது. சுற்றிலும் காடு அழிந்த வயல்களில் தேனீ குறைந்தாலும் இவை அந்த அளவுக்குக் குறையவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. 2020இல் வந்த இன்னொரு தொகுப்பு, உலக உணவுப் பயிர்களில் 72 விழுக்காட்டின் பூக்களுக்கு மலர் ஈக்கள் வருவதாகக் கணக்கிட்டது. வருகை வேறு, சேர்க்கை வேறு என்று மேலே சொன்னதை இந்த எண்ணுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டும். அப்படியும் அது சிறிய எண் இல்லை.

மலை ஏற ஏற ஈயின் பங்கு கூடும். மரக்கோட்டுக்கு மேலே, குளிர்ந்த புல்வெளிகளிலும் துருவத்தை ஒட்டிய நிலங்களிலும் பூக்களின் முதன்மை விருந்தாளி ஈதான். குளிரும் மூட்டமுமான காலையில் தேனீ கூட்டை விட்டு வரத் தயங்கும்போது ஈக்கள் வந்துவிடுகின்றன.

நம் ஊரில் இதைக் காண மலை ஏற வேண்டாம், தை மாதத்தில் பூத்த மாமரத்தடியில் நின்றால் போதும். மாம்பூ மிகச் சிறியது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். பெரும்பங்கு ஆண் பூ, கொஞ்சம் இருபால் பூ. தேன் ஆழத்தில் ஒளிந்திருக்காது, மேல்மட்டத்தில் விரிந்த தட்டில் பளபளக்கும். நீண்ட நாக்கு இல்லாதவர்களுக்குப் பரிமாறிய விருந்து அது. எனவே மாம்பூவில் மொய்ப்பவற்றில் ஈ வகைகள் முன்னணியில் நிற்கும்: மலர் ஈ, பச்சை ஈ, நீல ஈ, வீட்டு ஈ. கொசுத்தேனீயும் மற்றத் தேனீக்களும் வருகின்றன. ஆனால் மாம்பழத்துக்காக நன்றி சொல்லும்போது ஈயை விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலிய மாந்தோப்புக்காரர்கள் சிலர் பூக்கும் பருவத்தில் மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் தோப்பில் தொங்கவிட்டு ஈக்களை வரவழைக்கிறார்கள். ஜப்பானில் குடிலுக்குள் வளரும் ஸ்ட்ராபெரிக்குப் பச்சை ஈயை வளர்த்து விற்கிறார்கள். சாக்லேட் தரும் கொக்கோப் பூவுக்குக் கொசுவைவிடச் சிறிய ஒருவகை ஈ இல்லாவிட்டால் காய் இல்லை.

உங்கள் தொட்டியிலும் பாத்தியிலும் இந்த ஈ யாருக்கு உதவும், யாருக்கு உதவாது? தட்டையாக விரிந்த பூக்கள்தான் அதன் களம். கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை, சூரியகாந்தி, முள்ளங்கியையும் கடுகையும் பூக்கவிட்டால் அவை. இவற்றில் விதை பிடிப்பதில் ஈயின் கை உண்டு. துளசியிலும் செண்டுமல்லியிலும் உட்காரும். அடுக்கடுக்காக இதழ் பெருக்கிய சாமந்தியில் தாது அகப்படாமல் சுற்றிவிட்டுப் போகும். ஒற்றை அடுக்குச் செடி ஒன்று வைத்தால் நிற்கும். கத்தரியும் தக்காளியும் வேறு கதை. அவற்றின் மகரந்தப்பை குழல்போல் மூடியிருக்கும். பூவைக் கவ்விக்கொண்டு மார்புத் தசையை அதிரவைக்கும் நீலவரித் தேனீ, கருவண்டு போன்றவைதான் அதை உதிர்க்க முடியும். மலர் ஈக்கு அந்த வித்தை தெரியாது. தக்காளி காற்றசைவிலேயே ஓரளவு காய்த்துக்கொள்ளும். முருங்கைக்குக் கருவண்டு. பூசணியின் தாது பெரியது, பிசுக்குள்ளது; அதற்குத் தேனீ வேண்டும். இரவில் விரியும் புடலைக்கு அந்து. மல்லிகையின் நீண்ட குழலுக்குள் இந்த ஈயின் குட்டை வாய் எட்டாது. ஆகவே தேனீ இல்லாத தோட்டத்தை ஈ காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தேனீ செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஈ செய்கிறது. தேனீ வராத வேளையிலும் செய்கிறது. அதோடு, தேனீ ஒருபோதும் செய்யாத ஒரு வேலையையும் செய்கிறது.

அது அதன் பிள்ளைகள் செய்யும் வேலை. அவரைக் கொடியின் நுனிக்குருத்தில் கறுப்பாக அசுவினி அப்பியிருப்பதைப் பார்க்காத தோட்டக்காரர் இல்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே அரிசியைப் பொடித்ததுபோல் வெள்ளையாக ஒற்றை முட்டை தென்பட்டால், அது மலர் ஈ வைத்தது. அதிலிருந்து வரும் புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை; சிறு அட்டைபோலத் தலைப்பக்கம் கூர்ந்து, பச்சையாகவோ வெளிறியோ இருக்கும். தலையை இடமும் வலமும் வீசித் துழாவி, ஓர் அசுவினியைக் கவ்வித் தூக்கி, சாறு முழுவதையும் உறிஞ்சித் தோலை எறிந்துவிடும். தன் வாழ்நாளில் ஒரு புழு சில நூறு அசுவினிகளைத் தீர்த்துவிடும். நம் நாட்டுப் பயறு, நிலக்கடலை, காய்கறித் தோட்டங்களில் இந்த வேலையைச் செய்பவற்றில் இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ் என்ற மெல்லிய மஞ்சள் பட்டை ஈ முக்கியமானது. இங்கிலாந்து ரேடார்க் கணக்கிலும் இது வருகிறது: அந்த ஈக்களின் புழுக்கள் ஆண்டுக்கு மூன்று முதல் பத்து லட்சம் கோடி அசுவினிகளைத் தின்பதாக மதிப்பிட்டார்கள்.

இந்தத் தாய்ப்பாசத்தையும் ஏமாற்றுகிற பூ ஒன்று உண்டு. மேற்காசியாவிலிருந்து இமயமலை வரை பரவியுள்ள எபிபாக்டிஸ் வெராட்ரிபோலியா என்ற ஆர்க்கிட், ஆபத்து நேரத்தில் அசுவினி வெளியிடும் வாசனையை ஒத்த வேதிப்பொருள்களைத் தானே சுரக்கிறது. ஜெர்மனியின் ஜெனா நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தது இது. பூவில் அசுவினிபோலக் கருத்த சிறு மேடுகளும் உண்டு. பிள்ளைகளுக்குத் தீனி நிறைய இருக்கிறது என்று நம்பிப் பெண் ஈ வந்து முட்டையிடுகிறது. இட்டுவிட்டுத் திரும்பும்போது மகரந்தப் பொதி அதன் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. பொரிந்த புழுக்களுக்கு அங்கே உணவு இல்லை. பறவையை ஏமாற்றித் தப்பிய ஈ பூவிடம் ஏமாறுகிறது. அதன் இழப்பில் அந்த ஆர்க்கிட்டின் குலம் தழைக்கிறது. ஈயின் மகரந்தச் சேர்க்கையை நம்பி ஒரு செடி இவ்வளவு நுட்பமான பொறியை வளர்த்திருக்கிறது என்பதைவிட, ஈ மெய்யான வேலைக்காரி என்பதற்கு எனக்கு வலுவான சாட்சி வேண்டியதில்லை.

நாம் தவறு செய்வதும் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில்தான். தேனீயை விரும்புகிறவர் பூச்செடி வைக்கிறார், பூக்கும் நேரத்தில் மருந்து அடிப்பதில்லை. மலர் ஈக்கு அது போதாது. அதன் முதிர்ந்த வாழ்க்கை பூவில். இளமை வாழ்க்கை நமக்கு அருவருப்பான இடங்களில். அசுவினி அப்பிய கொழுந்தில் ஒன்று, சாணக்குழியின் ஈரத்தில் ஒன்று, மக்கும் இலைக்குவியலில் ஒன்று. என் கொத்தமல்லியில் வந்த கோட்டுக் கண் ஈ எரிஸ்டாலினஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் புழு அழுகல் நீரில்தான் வளரும். நாம் தோட்டத்தைத் துடைத்து வைக்க வைக்க, பூவுக்கு வரவேண்டிய ஈ பிறக்க இடமில்லாமல் போகிறது. இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: தண்ணீரைத் திறந்த வாளியில் தேக்கி வைக்காதீர்கள். அதில் முதலில் வருவது டெங்கு கொசு. ஈரம் காக்கும் மட்குழி, மூடாக்காகப் போட்ட இலைச்சருகு, மாடு இருக்கும் வீட்டில் எருக்குழி, இவை போதும்.

ஐரோப்பாவிலிருந்து வரும் செய்திகள் கவலை தருகின்றன. நெதர்லாந்தில் ஒரு காட்டோரத்தில் நாற்பது ஆண்டுகளாக மலர் ஈக்களை எண்ணி வந்தவர்கள், எண்ணிக்கை 80 விழுக்காடு சரிந்ததை 2022இல் எழுதினார்கள். அதே ஆண்டு வெளிவந்த ஐரோப்பியச் செம்பட்டியல், அங்குள்ள 890 இனங்களில் 314 அழியும் ஆபத்தில் இருப்பதாக மதிப்பிட்டது. காட்டில் பட்டமரமும் பொந்தும் மிஞ்சாமல் போனதும், நிலத்தில் கொட்டும் மருந்தும், மாறிவரும் தட்பவெப்பமும் காரணம். தேனீ குறைகிறது என்றால் செய்தித்தாளில் வருகிறது. ஈ குறைந்தால் யாருக்கும் வருத்தமில்லை. தேனீயின் உடையை உடுத்தியிருந்தும் தேனீக்குக் கிடைக்கும் பரிவு அதற்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சிறுமி இப்போது கையை இழுத்துக்கொள்வதில்லை. முகத்தைப் பார்த்து, "கொம்பு குட்டை, ஈதான்" என்று அவளே சொல்லிவிடுகிறாள். நான் விட்டுவைத்த கொத்தமல்லி காய்த்து முற்றி, ஒரு சிறு கிண்ணம் நிறைய விதை தந்தது. அதில் எத்தனை மணி தேனீ தந்தது, எத்தனை மணி ஈ தந்தது என்று பிரிக்க வழியில்லை. இருவருமே வந்தார்கள், ஈ காலையில் முந்தி வந்தது.

நீங்களும் இந்த மழைக்காலம் முடிந்ததும் இரண்டு தொட்டிக் கொத்தமல்லியைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். அவரையில் அசுவினி கண்டவுடன் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலுமாகத் தெளிப்பானைத் தூக்காமல், அந்தக் கூட்டத்துக்குள் கண்ணில்லாத சிறு அட்டை ஒன்று தலையை வீசிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், நான்கு நாள் பொறுங்கள்.